தொட்டிலுக்குள் இரைச்சல்

எட்டு மாதமாக பெலிக்ஸின் இடது காதுக்குள் குடியிருந்த இரைச்சல் அன்று மத்தியானம் காதுக்கு வெளியே கேட்டது.

முன்னால் ஸ்டூலில் இரண்டு மாத்திரை அட்டைகள் கிடந்தன. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராகப் பதினாறு வருஷம் இருந்து சம்பாதித்த வினை அந்த இரைச்சல். கரண்டி கீழே விழுந்தாலே மண்டைக்குள் ஆணி இறங்கும். பிள்ளை அழுதால் சொல்லவே வேண்டாம். போன வாரம் ஐந்து மாதத்து ஜெபா வீறிட்டபோது, அவன் கை தானாகப் போய் அதன் வாயைப் பொத்திவிட்டது. மனைவி ஹெப்சிபாதான் பிள்ளையைப் பிடுங்கி எடுத்தாள்.

"இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, பிள்ளையத் தூக்கிட்டு மம்சாபுரத்துக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன். பொறவு வந்து கூப்பிடக் கூடாது."

அதற்குப் பயந்துதான் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் போனான். அவர் ஒளிக்காமல் சொன்னார். "இரைச்சல நிப்பாட்டுற மாத்திர கெடையாது. இது தூக்கத்துக்கு, ஆனா பகல்லயும் கண்ண அசத்தும். மெஷின் பக்கத்துல நிக்கிற ஆளு நீங்க, யோசிக்கணும். இது பதட்டத்துக்கு, சிலருக்கு மொத ரெண்டு வாரம் இரைச்சல் கூடும். யோசிச்சு ஒண்ண மட்டும் ஆரம்பிங்க."

அசந்தால் கை மெஷினுக்குள் போகும். இரைச்சல் கூடினால் பிள்ளை போகும். இதில் எதை முழுங்குவது?

"பிள்ள தூங்குது. பால் வாங்கிட்டு அஞ்சு நிமிசத்துல வாரேன். அதுக்குள்ள முடிவு பண்ணுங்க" என்று ஹெப்சிபா தெருமுனைக்குப் போயிருந்தாள்.

காதைப் பொத்தினான். எப்போதும் பொத்தினால் கூடும் இரைச்சல், இன்று குறைந்தது. கையை எடுத்ததும் மறுபடி வந்தது. அப்படியானால் இது வீட்டுக்குள் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்தினான், பிரிட்ஜை நிறுத்தினான், வெயிலில் காய்ந்த தகரக் கூரை நெட்டி முறிக்கும் ஓசையும் பிள்ளையின் பால் வாடையும் மட்டும் மிஞ்சிய அந்த அறையில், மெல்லிய கம்பியை யாரோ விடாமல் இழுப்பது போல அது நீண்டுகொண்டே இருந்தது.

மில்லில் எந்தப் பேரிங் கத்துகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்பார்கள். இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு மெஷினைப் பிரிக்க வேண்டியதுதான்.

பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். சுவரில் வைத்தான். ஒன்றுமில்லை. ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம், ஒன்றுமில்லை. சேலைத் தொட்டில் கட்டிய கயிற்றில் வைத்தான்.

கேட்டது.

பூச்சி ஏதாவது இருக்கும் என்று பதறிச் சேலையை விலக்கினான். பிள்ளை விழித்திருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. அழவில்லை. அவனையே பார்த்தது.

பெலிக்ஸ் குனிந்தான். நம்ம பிள்ளைக்கு என்னமோ ஆகிப்போச்சு. சும்மா கேட்டுத்தான் பார்ப்போம். நெஞ்சில் நுனியை வைத்தான். இதயம் அடித்தது. அதற்கு மேலே, அது. கழுத்தில் இன்னும் பலம். நெற்றியில் இன்னும்.

உச்சந்தலை. எலும்பு கூடாத இடம்.

அங்கேதான்.

தொட்டில் ஆடியது. நுனி நிற்கவில்லை. மறுபடி வைத்தான். வழுக்கியது.

வாசலில் பால் பாக்கெட் விழுந்து உடைந்தது. ஹெப்சிபா நின்றிருந்தாள். அவன் கையைப் பார்த்தாள், பிள்ளையின் தலையைப் பார்த்தாள். ஓடி வரப்போனவள் பாதியில் நின்றாள். முகம் சுருங்கியது. இரண்டு கைகளும் மெல்ல எழுந்து தன் காதுகளைப் பொத்திக்கொண்டன.

"உனக்கும் கேக்குதா?" என்றான்.

அவள் பாலில் கால் வைத்து நடந்து வந்தாள். பிள்ளை வாயை மூடியபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

ஹெப்சிபா காதிலிருந்து கைகளை எடுத்தாள். தொட்டில் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.