குதித்துக் காட்டும் வீடு

காலையில் வழுக்கிக்கொண்டு மூடிய படுக்கையறைக் கதவு சாயங்காலம் மூடவில்லை. நிலையில் இடித்துக்கொண்டு முரண்டு பிடித்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாத சாது மாதிரி மூடிக்கொண்டது. புது மரம், ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்கு இளைக்கும் என்று அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ள வேறொன்று இருந்தது. நாற்றம்.

எலி செத்த நாற்றம் என்றால் தேடி எடுத்து வீசிவிடலாம். இது அழுகிய மீனும், ஊறிப்போன கோழி இறகும், பூ ஜாடியின் அடியில் கொழகொழத்துக் கிடக்கும் பழைய தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து, அதற்கு மேல் இருமல் மருந்து மாதிரி ஒரு இனிப்பையும் தடவிக்கொண்டு வரும். அந்த இனிப்புதான் போகவே போகாது. பினாயில் ஊற்றித் துடைத்தாள். ஊதுவத்தி கொளுத்தினாள், கொஞ்ச நேரத்தில் ஊதுவத்தியும் நாறியது. வாயில் வைக்கும் காபியில் அது. கணவர் கழற்றிப் போட்ட சட்டையில் அது. மகளை உச்சி முகர்ந்தால் அந்தப் பிஞ்சுத் தலையிலும் அது.

"நாம போயிடலாங்க. குட்டிக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது."

"பாதி மனையாவது போகட்டும்டி. நானே காலி பண்ணிட்டா எவன் வாங்குவான்?"

அவள் கணவர் மண் நிரப்பும் கான்ட்ராக்டர். ஆற்றோரத்துச் சதுப்பை மேடாக்கி மனை போட்டிருந்தார். வாங்க வருகிறவர்கள் 'இது சேத்து நிலமாச்சே' என்று இழுத்தால், பேச்சே கிடையாது. இந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்று தொம்மென்று குதிப்பார். "அசையுதா பாருங்க! பொண்டாட்டி பிள்ளையோட நானே இங்கதானே கெடக்கேன்!" அப்படிக் குதித்துக் காட்டுவதற்காகவே கட்டிய வீடு. அதற்காகவே அவர்கள் குடிவந்ததும்.

குழாய்த் தண்ணீர் நூல்நூலாக வந்ததால் குடிக்க கேன் தண்ணீர்தான். கொண்டுவருவது அவரிடம் லாரி ஓட்டும் புட்டி. தடித்த கண்ணாடியால் வந்த பெயர். கேனைப் படியில் வைப்பான், உள்ளே வரமாட்டான்.

"என்னப்பா, புது மாப்பிள்ளையாட்டம் வாசல்லயே வெக்கப்படுற? உள்ள வா."

"வேணாம் அண்ணி."

"மண்ணு கொட்டுன நீயே பயந்தா எப்படி?"

"கொட்டுனதாலதான் பயம்." அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கோரையை வெட்டி, தண்ணிய வடிச்சிட்டுத்தான் கொட்டணும். அண்ணன் வெட்ட வேணாம்னுட்டாரு. பின்னிக் கெடக்குற கோரை மெத்தையாட்டம் தாங்கும், லோடு மிச்சம்னாரு. அது மேலயே கறிக்கடைக் கழிவு, ஆஸ்பத்திரிக் குப்பை, இடிச்ச கட்டடம். கடைசியா கண்ணுக்கு அழகா செம்மண்ணு. முட்டை வச்ச பறவை, ஆமை, விலாங்கு எல்லாம் அடியிலதான். உசுரோட."

"செத்திருக்கும், விடு."

"செத்திருந்தா அடங்கியிருக்குமே அண்ணி. போட்டுட்டுத் திரும்பி வந்தா மேடு எறங்கிக் கெடக்கும். மறுபடி போடுவோம். மறுபடி எறங்கும். தின்னுக்கிட்டே இருந்துச்சு."

அவன் போனதும் கூடத்துக்கு வந்தாள். மகள் குப்புறப் படுத்திருந்தாள். டைல்ஸ் இடுக்கில் நாக்கை விட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

"சீ! துப்புடி!"

"தித்திக்குதும்மா."

பிள்ளையின் உதட்டிலிருந்து தரைவரை கோழைபோல ஒரு இழை நீண்டது. முந்தானையால் வழித்தாள். அறுபடாமல் நீண்டுகொண்டே வந்தது. வெள்ளைச் சிமெண்டு பூசிய இடுக்குகள் இப்போது ரோஸ் நிறத்தில், கொழுத்து, மினுமினுத்தன. ஈறு மாதிரி. நகத்தால் அழுத்தினாள். அமுங்கியது. பழுப்பாக ஏதோ கசிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வாஷ்பேசினுக்கு ஓடி, காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினாள்.

நிமிர்ந்தபோது படுக்கையறைக் கதவு நிலையில் இடித்தது. வாயைக் கொப்பளித்து முடிப்பதற்குள் விலகியது. திரும்ப இடித்தது. ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டது இப்போது இத்தனை சீக்கிரம். மரமில்லை, சுவர்தான் புடைப்பது, சுருங்குவது.

மூச்சு.

மகளின் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் இடம் பார்க்க வந்திருந்தார்கள். கணவர் வாயெல்லாம் பல்லாக அழைத்து வந்தார்.

"வாங்க, வாங்க! பையை எங்கடி தூக்கிட்டுக் கிளம்பிட்ட? ஊருக்கா?" பிறகு அவள் காதோரம், "ரெண்டு நிமிஷம் சிரிச்ச மூஞ்சியா நில்லு. மானத்த வாங்காத."

"தரை உசுரோட இருக்குங்க. குதிக்காதீங்க. உங்களக் கும்பிடுறேன்."

"என்ன வாடை இது?" வாத்தியார் மனைவி மூக்கைப் பொத்தினார்.

"புது பெயிண்டுங்க! சந்தேகமே வேணாம், பிள்ளையத் தூக்கிட்டே குதிக்கிறேன் பாருங்க!"

அவர் குட்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார். குட்டி சிரித்தாள். அவள் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். பிள்ளையின் இடுப்பைப் பிடித்துப் பிடுங்கினாள். கணவரின் கன்னத்தில் நகம் கீறியது. அவர் முகம் கறுத்தது. ஆனால் விருந்தாளிகளுக்காகச் சிரித்தார்.

குதித்தார்.

தொம்.

"அசையுதா?"

வீட்டின் மூச்சு நின்றது.

மறுபடி குதித்தார். இந்தத் தடவை சத்தமே வரவில்லை. டைல்ஸ் உடையவில்லை. குழிந்தது. கணுக்காலைச் சுற்றி மெல்லக் குவிந்தது. உதடு மாதிரி. அவர் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"பாருங்க... கெட்டி..."

முழங்கால். எச்சில் ஊறும் சத்தம். இடுப்பு. கைகள் தரையை அறைந்தன. தரை அந்தக் கைகளை நக்கியது. வழுவழுப்பான பச்சை நுரை அவர் மார்பில் ஏறியது, அதில் இறகுகள், ஊசிகள், முட்டை ஓடுகள். அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். வாய் நிறைந்துவிட்டது.

பிறகு வெறும் டைல்ஸ். அதற்கடியில் ஆள் நீளத்துக்கு ஒரு புடைப்பு, மெதுவாக, கூடத்தைக் கடந்து நகர்ந்தது. விழுங்கியது இறங்குகிற மாதிரி.

பிள்ளையை இறுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். முந்திக்கொண்டு வெளியே ஓடிய வாத்தியாரையும் மனைவியையும் காணவில்லை. ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு செருப்பு.

செம்மண் நனைந்திருந்தது. மழை இல்லை. கால் வைத்த இடமெல்லாம் கொழகொழவென்று வெதுவெதுத்தது. இனித்து நாறியது. மனைக்கு மனை வரிசையாக நட்டு வெள்ளையடித்திருந்த எல்லைக்கற்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பல்வரிசை மாதிரி ஈரம் சொட்டச் சொட்ட, ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின.

உள்பக்கமாக.