கையெழுத்தில்லாத நோய்

பித்தப்பையில் கல் எடுத்துவிட்டு அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகவேண்டிய பெண்ணின் கோப்பில், யாரும் எழுதாமலேயே, வலது காலில் அழுகல் என்று ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது.

வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மருத்துவமனையில் அவளுக்கு அதுதான் பெயர். டாக்டர்கள் கோப்பில் எழுதும் நோய்களுக்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவள் வேலை. எழுதாத நோய்க்கு எண் கேட்டு எவ்வளவு பெரிய டாக்டர் வந்து நின்றாலும், ஆதாரம் எங்கே என்று கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவாள். கொஞ்ச நாளாக எண்ணைக் கம்ப்யூட்டரே யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. சரியென்றால் ஏற்கலாம், இல்லையென்றால் நிராகரிக்கலாம். சற்று நேரம் யாரும் தொடாமல் விட்டால் தானாகவே ஏற்றுக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மேனேஜர் செய்த புண்ணியம் அது.

அவள் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மயக்க மருந்து, தையல், காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். கால் என்ற சொல்லே எங்கும் இல்லை. ஆதாரம் இல்லை என்று காரணம் எழுதி நிராகரித்தாள். வரி மறைந்தது. அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் மறுபடி வந்து நின்றது.

சாப்பாட்டு நேரம் என்பதால் எல்லோரும் மேலே போயிருந்தார்கள். பூமிக்குக் கீழே இருந்த அந்த ஜன்னலில்லாத அறையில் ஏசி தண்ணீர் சொட்டும் சத்தமும், எங்கோ ஒரு நாற்காலி தானாக முனகும் சத்தமும், வழக்கமான பழைய காகித வாசனைக்கு அடியில், மாற்ற மறந்த கட்டுத்துணியின் ஈரமும் இனிப்பும் கலந்த ஒரு வாடையும் இருந்தன. கேன்டீன் குப்பையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வார்டுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், அந்தக் கல் எடுத்த பொண்ணுக்குக் கால் எப்படி இருக்கு?"

"காலா? நாங்க வயித்துல தானே கை வச்சோம், வக்கீலம்மா. தபால் குடுக்கிற பொண்ணு. எப்ப வேலைக்கு நடந்து போகலாம்னு கேட்டே என் உயிரை வாங்குறா." சிஸ்டர் சிரித்தாள். பிறகு குரல் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. "இருங்க. வலது பாதம் ஜில்லுன்னு இருக்குங்கறா. விரலெல்லாம் நீலமா இருக்கே."

வரிக்குப் பக்கத்தில் நேரம் காட்டும் வட்டம் நிரம்பிக்கொண்டிருந்தது. அவள் நிராகரி என்பதை அழுத்தினாள்.

"அட, சரியாயிடுச்சு," என்றாள் சிஸ்டர். "நாடியும் நல்லா இருக்கு. என்ன கூத்து இது?"

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார். டிஸ்சார்ஜ் எழுதிட்டுத்தான் போனார். இவ அண்ணன் வண்டியோட வரணும், அவ்வளவுதான்."

"வந்ததும் அனுப்பிட்டு எனக்குச் சொல்லுங்க."

ஆள் வாசலைத் தாண்டிவிட்டால் கோப்பு மூடிவிடும். அதற்குமேல் அதில் யாரும் எதையும் சேர்க்க முடியாது. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. தெருத்தெருவாக நடந்து பிழைக்கிறவளின் காலைக் கேட்க இது யார்?

வரி வந்தது. நிராகரித்தாள். வந்தது. நிராகரித்தாள். அப்புறம் அது கெட்டிக்காரத்தனம் காட்டியது. கோப்புக்குள்ளேயே புதுக்குறிப்புகள் முளைத்தன. விரல்கள் கறுத்துள்ளன. தொட்டால் உணர்வில்லை. கேட்ட ஆதாரம் இதோ என்பதுபோல் ஒவ்வொன்றாக வந்து நின்றன. குறிப்பின் அடியில் பார்த்தாள். டாக்டரின் கையெழுத்து இல்லை.

"என்கிட்டயேவா?" என்று வாய்விட்டுச் சொன்னாள். கையெழுத்து இல்லாத குறிப்பு செல்லாது என்று எழுதி நிராகரித்தாள்.

போன் அடித்தது. மேனேஜர். "மேடம், சாப்பிட வரலையா? அந்தக் கோப்பை விட்டுட்டு வாங்க, அதுவே முடிச்சிக்கும்."

"அதுவே முடிச்சிடும்னுதான் சார் நான் எழுந்திரிக்கல," என்று சொல்லி வைத்தாள்.

வாடை அதிகமாகியிருந்தது. ஏசி சொட்டுவது நின்றிருந்தது. விரல் பொத்தானைவிட்டு நகரவில்லை. நிராகரி. நிராகரி. நிராகரி.

மறுபடி போன். சிஸ்டர். "போயிட்டா வக்கீலம்மா. கையைக்கூடப் பிடிக்க விடல. தானே படியிறங்கி வண்டில ஏறிட்டா."

கோப்பு மூடிக்கொண்டது. வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

வரி மட்டும் போகவில்லை.

வெற்றுத் திரையில் அது தனியாக நின்றது. நோயாளியின் பெயருக்கான இடம் காலி. பிறகு எழுத்து எழுத்தாக ஒரு பெயர் வந்தது. அவளை இங்கே யாரும் கூப்பிடாத பெயர். அவள் பெயர்.

வலது பாதம் சில்லிட்டது.

குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வாடை மேஜைக்கு அடியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. செருப்பு கழன்று விழும் சத்தம் கேட்டது. அது கழன்றது தெரியவில்லை. முட்டிவரைக்கும் கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஆதாரம் இல்லை என்று அவளால் எழுத முடியவில்லை. கோப்பில் பொய் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் பழக்கமில்லை.

கையெழுத்து இல்லை, என்று தட்டினாள்.

திரையின் அடியில் கையெழுத்துக்கான கட்டம் திறந்தது.

அவளுக்குப் பின்னால், யாருமில்லாத அறையில், யாரோ பேனா மூடியைக் கழற்றினார்கள்.

தோளுக்கு மேலாக ஒரு வெள்ளைக் கோட்டின் கை நீண்டது. அதன் முனையில் விரல்கள். கறுத்த, உப்பிய, ஈரமான விரல்கள். பேனா கட்டத்தை நோக்கி இறங்கியது.

"நான் ஒத்துக்க மாட்டேன்," என்றாள் வக்கீலம்மா. கட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்து மறைத்தாள்.

பேனா நிற்கவில்லை. அவள் புறங்கையின் தோலைக் கிழித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கையெழுத்துப் போட ஆரம்பித்தது. அவள் கையை எடுக்கவில்லை.