வலிக்காத ஊசி

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். அதற்குள் ஏழாம் வட்டத்தின் அறுநூற்று நாற்பது வீடுகளும் வாசல் கொடியில் துணி போட்டிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் சுகம் என்றால் வெள்ளை. யாருக்காவது காய்ச்சல் என்றால் சிவப்பு. பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் தவறியதில்லை.

ஜெசிந்தா தொடுபலகையுடன் தெருத் தெருவாக நடந்தாள். வட்டத்தின் களப்பணியாளர் அவள். ஊசி போடுவதும் அவள், துணி எண்ணுவதும் அவள். இன்று புதிதாக ஒரு சிவப்பு. பதிந்தாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது பலகை.

"ஏட்டி பூங்கை, அடுத்த ஊசி எப்போ?" என்று ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஒங்கையால போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"வரும் சித்தி. மொதல்ல மூக்க மூடுங்க."

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பிடிக்கும். மூன்று காய்ச்சல்களாக அந்த வட்டம் முழுவதற்கும் அவள்தான் ஊசி போட்டிருக்கிறாள். ஒருவருக்கும் கை வலித்ததில்லை.

புதுக் காய்ச்சல் வந்தால் இப்போதெல்லாம் இரண்டே நாளில் தடுப்பு மருந்து தயார். வடிவமைப்பான் என்னும் நிரல் அதை எழுதிவிடும். கணினிக்குள் மனித உடலின் நகலாக இருக்கும் நிகருடல் அதைச் சோதித்தும்விடும். ஆனால் மனித உடலில் நிரூபிக்காத எதையும் சட்டம் ஏற்காது. அதற்காக இரண்டு வட்டங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு மருந்தில்லாத ஊசி. எது யாருக்கு என்று போடுகிறவளுக்கும் தெரியாது. குலுக்கலில் முடிவாகும் என்று சொல்லியிருந்தார்கள். ஆய்வு முடிந்த பிறகும் அந்த விவரக் கோப்பு மூடியேதான் இருக்கும். மருந்து நாடெங்கும் போய் ஏழாம் வட்டத்தின் முறை வருவதற்குள், சென்ற இரு முறையும் காய்ச்சலே ஓய்ந்துவிட்டது.

பக்கத்து ஊர்களைவிட இங்கே சாவு குறைவு. ஊசிதான் காத்தது என்று வட்டம் நம்பியது. ஆள் நடமாட்டத்தைத் தடுக்கத் தெருமுனைகளில் கட்டியிருந்த கயிற்றை யாரும் நினைக்கவில்லை. சாமான் கயிற்றின் அந்தப் பக்கம் வந்து இறங்கும். கூடையில் வைத்து இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். யாரும் உத்தரவு போட்டுக் கட்டிய கயிறு அல்ல அது. முதல் காய்ச்சலில் முப்பது பேரைப் புதைத்த பிறகு உப்பளத் தொழிலாளர்களான வட்டத்து மக்கள் தாங்களே கட்டியது.

அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசத்தான் அன்று பத்து மணிக்கு ஆய்வுத் தலைவர் டாக்டர் மிருணாளினி வந்தார். முழுக் கவசத்தில் இருந்தார். குரல் மட்டும் ஒலிபெருக்கி வழியாக வந்தது.

"ஜெசிந்தா, இந்தக் கயித்தை எடுத்துடலாமே. அடுத்த வாரம் அந்தோணியார் கோயில் கொடியேற்றம்னு கேள்விப்பட்டேன். நடத்தச் சொல்லுங்க."

"நீலக்காய்ச்சல் நேரத்துலயா மேடம்? கூட்டம் கூடுனா பரவுமே."

"ஆய்வு நின்னுபோச்சு. ஒப்பீட்டு வட்டத்தில நூத்தம்பது பேருக்கு நோய் வரணும். அப்பதான் ரெண்டு வட்டத்தையும் வச்சு மருந்து வேலை செய்யுதுன்னு நிரூபிக்க முடியும். நூத்திப் பன்னெண்டுலயே நிக்குது. நாடே காத்திருக்கு."

ஜெசிந்தா பலகையைப் பார்த்தாள். 112. திருப்பி டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மருந்து உள்ள ஊசின்னா ரெண்டு நாள் கை வீங்கி வலிக்கும்னு பயிற்சியில சொன்னீங்க. இங்க ஒருத்தருக்கும் வீங்கல. என் கைராசின்னு நெனச்சேன் மேடம். எங்களுக்குப் போட்டது என்னது?"

"சலைன்."

"உப்புத்தண்ணி."

"ஆமா."

"உப்பு வாருறவங்களுக்கு உப்புத்தண்ணி. மூணு தடவையுமா? குலுக்கல்ல மூணு தடவையும் எங்க பேரே விழுந்துச்சோ?"

"குலுக்கல் இல்ல. மத்த இடங்கள்ல பாதிப் பேர் பதிலே சொல்றதில்ல. காய்ச்சலை மறைக்கிறாங்க. ஊரை விட்டுப் போயிடறாங்க. நீங்க தினமும் துணி போடறீங்க. பொய் சொல்றதில்ல. இவ்வளவு சுத்தமான தரவு வேற எங்கயும் கிடைக்காது."

"உண்மை சொன்னதுக்கா இது?"

"விதியை நான் எழுதல ஜெசிந்தா."

"எங்க கையில ஏத்த வச்சது நீங்கதானே. இப்போ கயித்த அவுத்து, கொடி ஏத்தி, இன்னும் முப்பத்தெட்டு பேர நாங்களே புடிச்சுக் குடுக்கணும். அப்படித்தானே?"

டாக்டர் பக்கத்தில் வந்து ஒலிபெருக்கியை அணைத்தார். கவசத்துக்குள்ளிருந்து குரல் மெலிதாக வந்தது. "உங்க அக்காவுக்கு நுரையீரல் பழுதுன்னு கோப்புல பார்த்தேன். உங்களுக்கும் அவங்களுக்கும் நாளைக்கு ரெண்டு குப்பி கொண்டு வர்றேன். நிஜ மருந்து. யாருக்கும் தெரிய வேண்டாம்."

ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் கூசியது.

அக்கா மெட்டில்டா வீட்டில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். போன காய்ச்சல் அவள் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டது. இந்தக் காய்ச்சல் மீதியையும் கேட்கும். ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். மெட்டில்டா தன் இடது கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கையில்தான் மூன்று ஊசிகளும்.

"போன தடவ நான் கெடந்தப்போ என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஊசி போட்டதாலதான் உசுரு மிஞ்சுச்சுன்னேன். மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துனேன்." சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. "உப்புத்தண்ணிக்கு மெழுகுதிரி ஏத்துன ஒரே ஆளு நாந்தாம்ட்டி."

"அக்கா, அந்த ரெண்டு குப்பி."

"எதுத்த வீட்டுக்கு?"

"ஒன் நெஞ்சு தாங்காது."

"எதுத்த வீட்டுக்குன்னு கேட்டேன்." ஜெசிந்தா தலை குனிந்தாள். "ஊசியப் போட்டுக்கிட்டு, அங்கன துணி செவப்பாவுறத இங்கன இருந்து எண்ணணுமா? வேண்டாம். நம்மகிட்ட அந்த ஆய்வுக்காரவுகளுக்கு வேண்டியது ஒண்ணுதான், நம்ம துணி. கூடைய எடு. சீட்டெழுது."

மாலைக்குள் கூடைகள் கயிறு கயிறாகச் சுற்றி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே சீட்டு. போட்டது உப்புத்தண்ணீர் என்றும், மூன்று முறையும் அதுவே என்றும், இனி யாரும் துணி போட வேண்டாம் என்றும் ஜெசிந்தா தன் கையால் எழுதி, கீழே தன் பெயரையும் எழுதியிருந்தாள். சில வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. காலையில் கூப்பிட்ட சித்தி ஜன்னலில் நின்றாள். பூங்கை என்று கூப்பிடவில்லை. "நீயாட்டி போட்டே?" என்று மட்டும் கேட்டாள். சித்தியின் புருஷன் சென்ற காய்ச்சலில் போனவர். "நாந்தான் சித்தி," என்றாள் ஜெசிந்தா.

விடியும்போது மெட்டில்டாவின் உடல் கொதித்தது. உதட்டோரம் நீலம் கண்டிருந்தது. பழக்கத்தில் ஜெசிந்தா சிவப்புத் துணியை எடுத்துவிட்டாள். மெட்டில்டா கை நீட்டி வாங்கினாள். நான்காக மடித்தாள். தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் தலை சாய்த்தாள்.

"நூத்திப் பதிமூணு நான் இல்ல."

"அக்கா, அந்த ஊசிய இப்பவாவது..."

"காய்ச்சல் வந்தபெறகு தடுப்பூசி எதுக்கு? நீதானே எல்லாருக்கும் சொல்லுவே. போ, வெளிய பாத்துட்டு வந்து சொல்லு."

சங்கு ஊதியது. ஜெசிந்தா தெருவில் இறங்கினாள். ஏழு தெருக்களிலும் கொடிகள் வெறுமையாக இருந்தன. வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. சித்தியின் வாசலிலும் இல்லை. உப்பளத்திலிருந்து வந்த காற்று கொடிகளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. பலகையில் அறுநூற்று நாற்பது கட்டங்களும் காலி.

ஆறு மணி நான்கு நிமிடத்துக்குப் பலகை ஒலித்தது.

"என்ன ஆச்சு ஜெசிந்தா?" டாக்டரின் குரல் பதறியது. "ஒரு துணிகூடப் பதிவாகல. எல்லாரும் நல்லா இருக்காங்களா? யாருக்காவது காய்ச்சலா? ஏதாவது சொல்லுங்க."

வீட்டுக்குள் மெட்டில்டா இருமும் சத்தம் தெருவரை கேட்டது. ஜெசிந்தா பலகையின் ஒலிவாங்கியை உள்ளங்கையால் மூடினாள். இருமல் நின்ற பிறகு கையை எடுத்தாள்.

"கை வலிக்கிற ஊசியோட வாங்க," என்றாள். "ஊருக்கே. அப்புறம் சொல்லுதோம்."