கொழுப்புப் படிந்த திரை

துணியை விலக்குவதற்கு முன்பே அந்த டிவியிலிருந்து ஆட்டுக் கொழுப்பு நாற்றம் அடித்தது. சமைக்கிற வீட்டில் வரும் வாசனை இல்லை அது. மூன்று நாள் மூடாமல் கிடந்த சூப்பின்மேல் வெள்ளையாக ஆடை கட்டி நிற்குமே, அதை விரலால் கிளறினால் மேலே கிளம்புகிற நாற்றம். கனிஷாய் சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். நரின் சந்தையில் பனி முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடந்தது. அந்தக் குளிரில் எதுவும் நாற வழியில்லை. ஆனாலும் நாறியது.

"பாரு, சுவத்துல பாதியை அடைக்கும்!" என்றாள் மாமியார் சைராகான். "அங்க கடையில பாத்தோமே, அதெல்லாம் ஒரு டிவியா? வர்றவங்க பூதக்கண்ணாடி வச்சில்ல பாக்கணும்."

"அது புதுசும்மா. ரெண்டு வருஷம் உத்தரவாதம் தர்றான்," என்றான் கனிஷாயின் கணவன் குபாத்.

"உத்தரவாதத்தையாடா உக்காந்து பாக்கப்போறே? படத்தைத்தானே பாக்கப்போறே!"

கனிஷாய்க்குப் பெரிது சிறிது எல்லாம் ஒன்றுதான். அவள் கவலை முழுக்க இடுப்பில் கிடந்த பிள்ளைமேல் இருந்தது. நாலு வயது அக்மாரல், கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். யார் யாரோ ஏசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், மாறவில்லை. பழைய டிவி புகைந்து செத்துப் பன்னிரண்டு நாளாகிறது. அன்றிலிருந்து பிள்ளை பாலும் தண்ணீருமாகத்தான் இருக்கிறாள். இன்னும் ஒரு கிலோ இறங்கினால் மூக்கில் குழாய் விட்டுத்தான் சோறு போகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

விற்க வந்தவள் ஒரு வேனின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதுதான், தலையில் துக்கத்துக்குக் கட்டும் கறுப்புத் துணி. டிவியைச் சுற்றி வெள்ளைத் துணி இறுக்கி முடிச்சிடப்பட்டிருந்தது. சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியையும் டிவியையும் நாற்பது நாள் மூடிவைப்பார்கள். கேட்காமலே புரிந்தது.

"எங்க மாமனாரோடது," என்றாள் அவள். "பெரியவருக்கு இது முன்னாடி உக்காந்தாத்தான் சோறு இறங்கும். கடைசி நாளும் சாப்பிட்டுக்கிட்டேதான்..."

"நாப்பது நாள் முடிஞ்சுதாம்மா?" என்று கனிஷாய் கேட்டாள்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது."

இரண்டு தடவை சொன்னாள், இரண்டு தடவையும் தரையைப் பார்த்துச் சொன்னாள். கனிஷாய் 'வேண்டாங்க, அந்தச் சின்னதே போதும்' என்று சொல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். அப்போது அக்மாரல் இடுப்பிலிருந்து சரிந்து இறங்கி, வேனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளைத் துணியில் மூக்கை வைத்து ஆழமாக மோந்தாள்.

"அம்மா, பசிக்குது."

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அந்தச் சொல். கனிஷாய்க்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அதற்கு மேல் என்ன யோசனை? எந்த டிவி என்பது முடிவாகிவிட்டது.

வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில், மூத்த விருந்தாளியை உட்காரவைக்கும் இடத்துக்கு மேலே, குபாத் அதை மாட்டினான். அங்கே தொங்கிய அவன் அப்பாவின் படத்தைக் கழற்றிப் படுக்கையறையில் வைத்தார்கள். வெள்ளைத் தொப்பி, முழங்கால்மேல் வைத்த வலது கை, அதில் மூன்றே விரல்கள். மற்ற இரண்டை மர அறுவை ஆலை எடுத்துக்கொண்டது. கல்யாண விருந்தில் அந்த மூன்று விரல் கையால்தான் அவர் ஒரு பிடிக் கறியையும் ஆட்டு வால் கொழுப்பையும் பிசைந்து புதுமருமகள் வாயில் ஊட்டினார். பெரியவர் ஊட்டினால் மறுக்கக்கூடாது. குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் கனிஷாய் விழுங்கினாள். நல்ல மனிதர். இறந்து மூன்று வருடம் ஆகிறது.

துணியை அவிழ்த்ததும் திரையில் எண்ணெய்க் கறை தெரிந்தது. ஒரு முழுக் கையின் அச்சு, அதன் பக்கத்தில் நீள்வட்டமாக இன்னொன்று. உதட்டை வைத்து அழுத்தினால் பதிகிற மாதிரி.

"அந்த வீட்டுப் பிள்ளைங்க நக்கியிருக்கும், துடைச்சிவிடு," என்றாள் மாமியார்.

வினிகர் போட்டுத் துடைத்தாள். போயிற்று. கார்ட்டூன் ஓடியது. அக்மாரல் தட்டு நிறைய மந்தியோடு உட்கார்ந்தாள். மாவுக்குள் கறி வைத்து ஆவியில் வேகவைத்த ஏழு பெரிய உருண்டைகள். அரை மணி கழித்து வந்து பார்த்தால் தட்டு காலி. கனிஷாய் சமையலறைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதாள். குபாத் மறுநாள் நிம்மதியாகச் சுரங்க வேலைக்குக் கிளம்பினான். பதினைந்து நாள் கழித்துத்தான் வருவான்.

கறை திரும்பி வந்தது. ஒவ்வொரு காலையும் துடைத்தாள், ஒவ்வொரு மத்தியானமும் அது அதே இடத்தில் இருந்தது. துடைத்த துணியைச் சோப்பில் ஊறவைத்தால் தண்ணீர்மேல் மஞ்சளாக மிதந்தது, கையில் ஒட்டினால் விடவில்லை, நகத்துக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த விரலால் பிள்ளையைத் தொட அவளுக்கே கூசியது. நாலாம் நாள் டிவியின் சட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. கத்தியால் சுரண்டினாள். கொழுப்பு. அதற்குள் நரைத்த முடி ஒன்று, சுருண்டு. சீ! சாக்கடைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவள் கறியைத் தொடவில்லை.

"உனக்கு எதைப் பாத்தாலும் அருவருப்பு," என்றாள் சைராகான். "பிள்ளை தட்டைத் தட்டா காலி பண்ணுது, அதைப் பாரு. கண்ணு வைக்காதே." அவள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "நாலு நாளு. வெள்ளிக்கிழமை வந்துடுவேன்."

புதன்கிழமை மத்தியானம் பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கினாள் கனிஷாய். கையில் எடையே தெரியவில்லை. விலா எலும்புகளை எண்ணலாம். முதுகுத்தண்டு வரிசையாகத் துருத்திக்கொண்டு நின்றது. தினம் மூன்று தட்டு போகிறது, எங்கே போகிறது?

அடுத்த வேளை அவள் சமையலறைக்குப் போகவில்லை. கதவிடுக்கில் நின்றாள்.

கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. அக்மாரல் ஸ்டூலில் ஏறி, ஒரு மந்தியை எடுத்து, திரையில் உதட்டுக் கறை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். மாவு நசுங்கியது. கறியின் சாறு கண்ணாடியில் ஒழுகியது. ஒழுகிய சாறு பாதியில் நின்றது. பிறகு மேலே ஏறியது. மெல்லுகிற சத்தம் கேட்டது, அவசரமே இல்லாத, ஈரமான மெல்லல், நடுநடுவே பொய்ப்பல் இடறுகிற ஒரு 'டக்'. பிள்ளை கையை எடுத்தபோது கையில் எதுவும் இல்லை.

"அக்மாரல்! என்னடி பண்றே?"

"தாத்தா முதல்ல சாப்பிடணும்மா. பெரியவங்க சாப்பிட்டப்புறந்தானே நம்ம சாப்பிடணும். நீதானே சொன்னே?"

"நீ எப்ப சாப்பிடுவே?"

"தாத்தாவுக்கு இன்னும் போதலையாம்."

கனிஷாய் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். திரை கறுத்தது. மெல்லும் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதன்பின் சப்புக்கொட்டல். அதன்பின்தான் நின்றது.

டிவியைக் கழற்றிக் கீழே போட்டு உடைத்துவிட அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். கொழுப்பில் விரல்கள் வழுக்கின. சுவரோடு சேர்ந்து வளர்ந்ததுபோல் அது அசையவே இல்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கஞ்சி கொடுத்தாள், அக்மாரல் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டாள். மறுநாள் காலை பாலையும் தள்ளிவிட்டாள். உதடு வெடித்துவிட்டது. பனி அடைத்துப் பாதை மூடியிருந்தது, ஆம்புலன்ஸ் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். மாமியாருக்குப் போன் போட்டாள்.

பின்னால் கல்யாண வீட்டுப் பாட்டும் சிரிப்பும் கேட்டன. சைராகான் முழுவதையும் கேட்டுவிட்டு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "பசிச்ச ஆவி அது. எண்ணெய் வாசம் காட்டணும். ஏழு ரொட்டி பொரிச்சு உங்க மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அவரு வந்து உக்காந்துட்டா வேற யாருக்கும் அங்க இடமில்லை. ஆனா நீ பண்ணாதே. நாளைக்கு நான் வந்து பண்றேன்."

"நாளைக்கு வரைக்கும் பிள்ளை தாங்காது அத்தை."

"மருமக வாயால மாமனார் பேரைச் சொல்றதாவது! சொன்னதைக் கேளு..." அதோடு இணைப்பு அறுந்தது.

வியாழக்கிழமை. செத்தவர்களுக்கு எண்ணெய் வாசம் காட்டுகிற நாளே அதுதான். கனிஷாய் மாவைப் பிசைந்தாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் பழுப்பாக நின்றது. எண்ணெய் காய்ந்து புகைந்தது, புகை கூரையடியில் தேங்கியது, ஏழு ரொட்டியும் ஒவ்வொன்றாக உப்பிச் சிவந்தன. மாமனாரின் படத்தை எடுத்துவந்து தரையில் சாய்த்துவைக்க நினைத்தாள், ஆனால் அவள் கையெல்லாம் எண்ணெய். அப்புறம் வைக்கலாம் என்று விட்டாள். டிவிக்குக் கீழே, அந்த மூத்தவர் இடத்தில், விரிப்பைப் போட்டு ரொட்டிகளை அடுக்கினாள். அக்மாரலைத் தன் மடியில் இருத்திக்கொண்டாள்.

பெயரைச் சொல்லவேண்டும். நுனிநாக்குவரை வந்தது. ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. அவர் பெயர் கொண்ட கடைக்காரனைக்கூட 'தாடிக்காரர்' என்றுதான் கூப்பிடுவாள். எந்த மருமகளும் அப்படித்தான். அவருக்குத் தெரியாதா, எந்தப் பெரியவரை மருமகள் கூப்பிடுகிறாள் என்று? அவள் தலையைத் தாழ்த்தினாள்.

"பெரியவரே, இது உங்களுக்குச் சேரட்டும். வந்து உக்காருங்க. பசியாறுங்க. எங்க பிள்ளையை நீங்கதான் பாத்துக்கணும்."

புகை அசைந்தது. மேலே போகவேண்டிய புகை. குறுக்கே போயிற்று. சுவரை நோக்கி.

கம்பி பிடுங்கிய டிவி. கறுத்த திரை. அதற்குள்ளிருந்து ஓர் ஏப்பம்.

நீளமான ஏப்பம். திருப்தியானது. அழுகின கறியின் சூடு அவள் முகத்தில் அடித்தது.

சட்டத்தைச் சுற்றியிருந்த கொழுப்பு இளகியது. விரிப்பில் சொட்டியது. ரொட்டிமேல் சொட்டியது. திரையின் நடுவே வெள்ளையாக ஒன்று உப்பிக்கொண்டு வந்தது. ஒரு கை. வலது கை. மாமனார்தான், வந்துவிட்டார் என்று கனிஷாய் அழுதேவிட்டாள்.

கை முழங்கைவரை வெளியே வந்தது. பிடி நிறையக் கறி. மென்ற கறி. மந்தி மாவு, கேரட், இத்தனை நாளாகப் பிள்ளை கொடுத்ததெல்லாம், எச்சிலில் ஊறி, நூல் நூலாகத் தொங்க. அதைப் பிடித்திருந்த விரல்களைக் கனிஷாய் பார்த்தாள்.

ஐந்து.

மீண்டும் எண்ணினாள். ஐந்து விரல்.

பிள்ளையை இழுத்தாள். கையெல்லாம் எண்ணெய், வழுக்கியது. அக்மாரல் மடியிலிருந்து நழுவி, விரிப்பின்மேல் மண்டியிட்டு, அண்ணாந்தாள். அத்தனை நாள் மூடியே கிடந்த வாய். அகலமாகத் திறந்தது.

கை ஊட்டியது. கட்டைவிரலால் உள்ளே தள்ளித் தள்ளி ஊட்டியது. அந்தச் சின்னத் தொண்டை உப்பி இறங்கியது. நரைமுடி ஒன்று உதட்டோரம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை அதையும் நக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கும்மா," என்றாள்.

கை திரைக்குள் போனது. மெல்லும் சத்தம். டக். டக். மறுபடி வந்தது, பிடி நிறைந்து. இந்தமுறை பிள்ளை பக்கம் போகவில்லை.

கனிஷாயின் முகத்துக்கு நேரே நீண்டது. விரலிடுக்கில் இளஞ்சூடான கூழ் வழிந்து அவள் மடியில் விழுந்தது. கத்த நினைத்தாள். மூச்சை அடக்கினாள். பல்லைக் கடித்தாள்.

பெயர் சொல்லாமல் அழைத்தது அவள்தான். மூத்தவர் இடத்தில் உட்காரச் சொன்னதும் அவள்தான்.

"வாயைத் தொறம்மா," என்றாள் அக்மாரல், கொழுப்பு மினுங்கும் வாயோடு. "பெரியவர் ஊட்டுறாரு."

மருமகளின் வாய் திறந்தது.