பூக்கத் தெரிந்த அல்லி

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்கள்மீது ஆணை.

என் தங்கை புருஷன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர். பழைய வீடொன்றை வாங்கினார். கொல்லையில் இடுப்பளவு தவளைக் குட்டை. முன்பு அங்கே குடியிருந்த அம்மாள் அதில் அல்லி வளர்த்து, அதிலேயே விழுந்து செத்தாளாம். தரகர் இதைச் சொன்னது பத்திரம் பதிந்த பிறகு.

மாப்பிள்ளையும் மூன்று வருஷம் அல்லி போட்டார். கிழங்குகள் அழுகின. தவளைகள் கொழுத்தன.

"இந்தக் கோடையில பூக்கலேன்னா குட்டையை மண்ணு கொட்டி மூடிடுவேன்," என்று தங்கை சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

நான் போனது நடுப்பகலில். மனிதர் கூடையில் களிமண் நிரப்பி, கிழங்கை முளையோடு சேர்த்துப் புதைத்துக்கொண்டிருந்தார்.

"முளை வெளிய தெரியணும், மாப்பிள்ளை."

"நீங்க போய் பேப்பர் படிங்க, மச்சான்."

கூடையைத் தண்ணீருக்குள் இறக்கினார். கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரே நேரத்தில் வாயை மூடின.

காற்று நின்றது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை தண்ணீரிலிருந்து எழுந்தது.

"ச்சு."

குட்டைக்குள்ளிருந்துதான். முப்பது வருஷம் வகுப்பறையில் அவர் பிறரைப் பார்த்துக் கொட்டிய அதே உச்சு.

கிழங்கு மட்டும் மேலே வந்து மிதந்தது.

மறுபடி புதைத்தார். மறுபடி வந்தது.

மூன்றாம் தடவை மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டு அமுக்கிப் பிடித்தார். முகம் வெளுத்தது.

"மச்சான்," என்று கிசுகிசுத்தார். "கையைப் பிடிச்சிருக்கு."

"யாரு?"

"வளையல் இடிக்குது."

அது அவரை உள்ளே இழுத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். இழுக்கவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, கிழங்கைச் சாய்த்து, முளையை வெளியே விட்டு, சுற்றிலும் மண்ணை அழுத்த வைத்தது. பிறகு செத்த தவளையை எறிவது போல அவர் கையை வெளியே எறிந்தது.

நாற்பதாம் நாள் பூத்தது. தட்டு அகலத்தில் வெள்ளைப் பூ. தங்கை பார்த்தாள், நான் பார்த்தேன், பால்காரர் பார்த்தார். குட்டை பிழைத்தது.

மாப்பிள்ளை மட்டும் இன்றுவரை பார்க்கவில்லை. அவர் கொல்லைக் கதவில் கை வைத்ததும் பூ மூடிக்கொள்கிறது. இதழ் இதழாக அல்ல, பிடிக்காத விருந்தாளி முகத்தில் கதவைச் சாத்துவது போல.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எங்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எனக்குத் தங்கை கிடையாது.