பாஸ்வேர்ட் அடிக்கிற சத்தம்

தோட்டத்துக் கிளார்க் இருந்த அந்தப் பழைய கிராணி வீட்டுக்கு நாங்க குடிவந்ததே இண்டர்நெட்டுக்காகத்தான். தேயிலைத் தோட்டத்துல மத்த வீட்டுலெல்லாம் ஒழுங்கா எடுக்காது. சுவரெல்லாம் பாசி. வாசல் ரோட்டுக்குக் கீழ செங்குத்தாச் சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை. மத்தியானம் தாண்டினாப் போதும், மூடுபனி ஏறி வந்து ஜன்னல்ல ஒட்டிக்கும். “பேய்கூட இங்க வாடகை குடுத்து இருக்காது லா”ன்னு நான் சிரிச்சேன். வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் திருமாறனுக்கு ஒரே கனவு, சைபர் செக்யூரிட்டி வேலை. கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து திருடுறவன அதே கம்ப்யூட்டர வச்சுப் பிடிக்கிறதாம். கோலாலம்பூர்ல ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்துச்சு. ஆன்லைன்ல ஒரு டெஸ்ட், அதுல பாஸானா நாங்க மலைய விட்டு இறங்கிடலாம். எனக்கும் அந்த ஆசைதான். இதே மலையில, திரிங்காப்புல காய்கறித் தோட்டத்துல பொறந்து வளந்தவ நான், இந்தக் குளிர்ல இன்னும் எத்தன வருஷம் நடுங்கறது?

அந்த வேலைக்கு லினக்ஸ் தெரியணும். இவரு வாழ்க்கை முழுக்க விண்டோஸ்ல மவுஸப் புடிச்சே ஓட்டின மனுஷன். இதுல படமும் இல்ல, பட்டனும் இல்ல. கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. ஒரு எழுத்து தப்பினாலும் முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடும். “கட்டுன பொண்டாட்டிகூட இவ்வளவு திட்ட மாட்டா லா”ன்னு கிண்டல் பண்ணுவேன்.

குடிவந்த அன்னிக்கே லேப்டாப்பத் திறந்து பாஸ்வேர்ட் அடிச்சாரு. ஸ்கிரீன்ல ஒன்னுமே வரல.

“கீபோர்டு ரோசாக்கா?”ன்னு கேட்டேன்.

“கெட்டெல்லாம் போகல அன்பு. லினக்ஸ் அப்படித்தான். பாஸ்வேர்ட் அடிச்சா ஒரு புள்ளிகூடத் தெரியாது. பின்னாடி நிக்கிறவங்க எண்ணிடக் கூடாதுல்ல.”

சொல்லிட்டு ரெண்டு கையையும் மேல தூக்கி நெட்டி முறிச்சாரு.

கீ அடிக்கிற சத்தம் நிக்கல.

டக். டக். டக்.

ஒரு கீயும் அசையல. பச்சைத் தேயிலைய உள்ளங்கையில கசக்கினா வருமே, அந்த வாசம் குப்புன்னு வந்துச்சு. அப்புறம் அதுவாத் திறந்துச்சு. இவரு பேரு இருக்க வேண்டிய இடத்துல வேற பேரு.

அம்சவல்லி.

“யாருங்க இது?”

“இந்த லேப்டாப்ப முன்னாடி வச்சிருந்த பொண்ணு. செகண்ட் ஹேண்ட் தானே”ன்னாரு. முகத்துல ரத்தமே இல்ல.

எல்லாத்தையும் அழிச்சுட்டு, புதுசா லினக்ஸ் ஏத்தி, தன் பேரப் போட்டாரு. திறந்தா மறுபடியும் அம்சவல்லி. தினமும் மூடுபனி ஏறினதும் அந்தத் தட்டுற சத்தம். முதல்ல முருகான்னு கத்தினேன். அப்புறம் பழகிப்போச்சு. மழைச் சத்தத்துக்குப் பழகுறோமே, அப்படி. சத்தம் கேட்டா டிவிய ஏத்தி வச்சுட்டு வெங்காயம் உரிப்பேன்.

டெஸ்ட் நாள் வந்துச்சு. மத்தியானமே வீடு இருட்டிப்போச்சு. முக்கியமான ஒரு வேலைக்கு லினக்ஸ் மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டுச்சு. சரியாத்தான் அடிச்சாரு. உனக்கு இங்க அதிகாரம் இல்ல, இத மேலிடத்துக்குத் தெரிவிப்போம்னு இங்கிலீஷ்ல பதில் வந்துச்சு. லினக்ஸ் வழக்கமாச் சொல்றதுதானாம். படிக்கிறப்ப அதப் பாத்துச் சிரிச்ச மனுஷன், அன்னிக்குச் சிரிக்கல.

டக். டக்.

“நிறுத்தச் சொல்லு அவள!” காதப் பொத்திக்கிட்டு அழுதாரு.

“எவள? ஒழுங்காச் சொல்லுங்க!”

சொன்னாரு. அம்சவல்லியும் இவரும் ஒன்னாப் படிச்சாங்களாம். லேப்டாப் அவளோடது. லினக்ஸும் அவதான் சொல்லிக் குடுத்தாளாம். எனக்கும் இவருக்கும் நிச்சயமான வாரம் அவ மோட்டர் பைக்ல ரெண்டு பேரும் போயிருக்காங்க. இவருதான் ஓட்டியிருக்காரு. இந்த வீட்டுக்குக் கீழ இருக்கிற வளைவுல, மூடுபனியில சறுக்கிச் சரிவுல விழுந்துட்டாங்க. இவருக்குச் சிராய்ப்பு. அவளுக்கு மோட்டர் நெஞ்சு மேல.

“கத்த முடியல அவளால. நகத்தால ஹெல்மெட்டத் தட்டிக்கிட்டே இருந்தா. ஆளக் கூப்பிட்டா விஷயம் வெளிய வந்துடும், நம்ம கல்யாணம் நின்னுடும். நான் லேப்டாப் பையை எடுத்துக்கிட்டு மேல ஏறிட்டேன் அன்பு. ரோட்டுக்கு வந்த பிறகும் கேட்டுச்சு.”

அவ தனியா ஓட்டி விழுந்து செத்துப்போனதா ஊரு நம்பிடுச்சு. என் கழுத்துல கிடக்கிற தாலி அந்தப் பொண்ணோட உசிருக்கு வாங்கினதா?

“பாவி! போங்க, என் கண்ணு முன்னால நிக்காதீங்க!”

“தானா ராத்தா டவுன்ல மூசா பாய் கடைக் கம்ப்யூட்டர்ல டெஸ்ட் எழுதிட்டு வந்துடறேன். இன்னும் நேரம் இருக்கு.”

அந்த நேரத்துலயும் அவருக்கு டெஸ்ட்தான். ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு மோட்டர எடுத்தாரு. மூடுபனி ஆள முழுங்கிடுச்சு.

கொஞ்ச நேரத்துல சத்தம் ஆரம்பிச்சுது.

டக். டக்டக். டக்டக்டக்.

அன்னிக்கு ரொம்ப வேகம். லேப்டாப்பக் கம்பளியில சுத்தி அலமாரியில வச்சுப் பூட்டினேன். அப்பவும் கேட்டுச்சு.

“தட்டுடி! நல்லாத் தட்டு! உனக்கு இல்லாத உரிமையா?”ன்னு கத்திட்டு டிவிய ஏத்தி வச்சேன்.

இருட்டுற நேரம் அது நின்னுச்சு. அவரு வரல. மூசா பாய் கடையிலயே படுத்திருப்பாரு, என் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்கும்னு நெனச்சேன்.

காலையில தேயிலை வெட்ட வந்தவங்கதான் பாத்தாங்க. அதே வளைவு. மோட்டர் நெஞ்சு மேல. தலையில ஹெல்மெட். வலது கை நகமெல்லாம் பேந்து ரத்தம்.

“ரொம்ப நேரம் உசிரோட இருந்திருக்காரு. மேலதானே வீடு? ஒரு சத்தமும் கேக்கலையா?”ன்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க.

கேட்டுச்சே. எனக்கு நல்லாக் கேட்டுச்சே!

அப்பதான் புரிஞ்சுது. தினமும் தட்டித் தட்டி அவ பழக்கினது என் காத. அவரு தட்டுறப்ப நான் எந்திரிச்சுப் போகாம இருக்கிறதுக்கு.

லேப்டாப் இப்ப போலீஸ்கிட்ட இருக்கு. நான் திரிங்காப்புக்கு அப்பா வீட்டுக்கே வந்துட்டேன். இங்கயும் மூடுபனி ஏறும். ஏறினா, ஒன்னுமே இல்லாத வெறும் மேசையில சத்தம் வரும்.

இப்ப ரெண்டு கை தட்டுது. ஒன்னு அவசரமா, கெஞ்சுற மாதிரி. இன்னொன்னு நிதானமா.

அவசரமாத் தட்டுறது ஓஞ்சு அடங்கப் பாக்கும்.

நிதானமாத் தட்டுறது அத விடாது.