ஆளில்லாத சட்டை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. திருடனே நுழையாத வீட்டில் அவன் சட்டை மட்டும் கிடைத்த கதை ஒன்று சொல்கிறேன்.

காலை ஒன்பது மணி. டயாலிசிஸ் அறையில் ஒரே களேபரம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் மாமாவின் மாதாந்திர ரத்தச் சோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பதாக வந்துவிட்டது. போன மாதம் இல்லை. ரத்தம் வெளியே வந்து சுத்தமாகித் திரும்புகிற இடத்தில் அந்தக் கிருமி புகுந்தால், பக்கத்துப் படுக்கைக்குத் தாவ எவ்வளவு நேரம்?

மாமாவின் மருமகன், டெக்னீஷியன் நெட்டையின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார்.

"டியூப ஒழுங்கா மாத்தியிருந்தா இது வருமா? சாயந்திரத்துக்குள்ள இவன வேலைய விட்டு அனுப்பணும். இல்லன்னா போலீசுக்குப் போறேன்."

நெட்டைக்கு வாய் நீளம். அன்று டியூப் மாற்றிய கணக்கு நோட்டை மட்டும் எடுத்து நீட்டினான்.

கண்ணாடி டாக்டரம்மா உள்ளே வந்தார். புதிர் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"இந்த ரூம்ல அந்தக் கிருமி உள்ளவங்க வேற யாரு?"

"ஒருத்தரும் இல்ல மேடம். நேத்து எல்லாருக்கும் பார்த்தாச்சு" என்றார் நர்ஸ்.

"அப்போ பூட்டுன வீட்டுக்குள்ள திருடன் எந்த வழியா வந்தான்?"

மாமாவின் இடது கை மெஷினுக்கு. ரத்த அழுத்தம் பார்க்க வலது கையைத் தூக்கினார் டாக்டரம்மா. மாமா முகம் சுளித்தார்.

"மெதுவாம்மா. தோள் நோவுது. ஸ்டியரிங் பிடிச்ச கை."

"ஸ்டியரிங்க விட்டுப் பத்து வருஷம் கழிச்சா வலிக்குது?"

சட்டைக் கையைச் சுருட்டினார். தோளில் வட்டமாக ஒரு சின்ன பிளாஸ்திரி. டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"இது யார் போட்ட ஊசி?"

மருமகன் நிமிர்ந்து நின்றார். "எங்க தெரு கிளினிக்ல. முந்தாநாள் நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"போட்டா எங்ககிட்ட சொல்லுங்கன்னும் சொன்னேனே." டாக்டரம்மா சிரித்தார். "குற்றவாளி சிக்கியாச்சு. அந்த ஊசிதான். தடுப்பூசியில கிருமி கிடையாது, அதோட மேல்சட்டைத் துணுக்கு, அதாவது மேலுறைப் புரதம், மட்டும்தான். நாம செஞ்ச சோதனையும் அந்தச் சட்டையத்தான் தேடும். ஊசி போட்ட சில நாளைக்கு ரத்தத்துல அது தட்டுப்படலாம். சட்டையப் பார்த்துட்டுத் திருடன்னு கூவிட்டோம்."

"நிச்சயமா மேடம்?" நெட்டைக்குக் குரல் இப்போதுதான் வந்தது.

"வெறும் ஊகத்தோட விட்டுட முடியாது. கிருமி உள்ள இருந்தா அதோட மரபணுவும் ரத்தத்துல இருக்கும். அதைத் தேடுவோம். ஒரு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் மாமாவுக்குத் தனி மெஷின். நெட்டை, உனக்கு இங்கதான் வேலை."

மரபணு தென்படவில்லை. மறு மாதம் சட்டையும் காணோம். எல்லா ஊசியும் முடிந்தபின் பார்த்தால், மாமாவின் ரத்தத்தில் காக்கும் எதிர்ப்பொருள் காவலாளி மாதிரி நின்றது.

மருமகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "தம்பி, மனசுல வச்சுக்காதீங்க."

நெட்டையின் வாய் பழைய நீளத்துக்கு வந்திருந்தது. "அட விடுங்க சார். நீங்க போலீசுக்குப் போகாததே நல்லதாப் போச்சு. போயிருந்தா, ஊசிக்குக் கூட்டிட்டுப் போன உங்களையில்ல பிடிச்சு வச்சிருப்பாங்க?"

மாமா சிரித்த சிரிப்பில் மெஷினே அலாரம் அடித்ததாம்.

உங்கள் வீட்டுக்குள் அந்தத் திருடன் எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். காவலாளி மட்டும் கண்ணுறங்காமல் நிற்கட்டும். பிள்ளை குட்டிகளோடு நூறாண்டு நன்றாயிருங்கள் கண்ணுகளா.